சுனில் எடுத்த பதினெட்டுப் படங்கள்

கங்காதர நெல்லூர்,
9.6.2025

காஞ்சனாவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். ஹரிப்ரியாவின் போனிலிருந்து கூப்பிட்டேன்; என் குரலைக் கேட்டதும் அதையும் பிளாக் செய்தாய். என் மகள் உனக்கு என்ன செய்தாள்? இரண்டு நாளாக, சித்தி பேசவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறாள். வேறு வழியில்லாமல்தான் தபால். போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டதும் அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் கடைசியாக எழுதிய கடிதம் பத்தாம் வகுப்பில் எழுதிய லீவ் லெட்டர்.

வெள்ளிக்கிழமை போனில் கத்தியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ திடுதிப்பென்று, "மாமா, ஆவணியில நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன், எங்க லாட்ஜுல லிஃப்ட் ரிப்பேர் பாக்கிறவரு, பேரு கோபிகிருஷ்ணன்" என்றால் எனக்கு எப்படி இருக்கும்? மாமரத்தில் ஏணி போட்டு மேலே நின்றுகொண்டிருந்தேன். விழாமல் இறங்கியதே பெரிய காரியம்.

நான் கல்லால் ஆனவன் இல்லை. புத்தூர் ரோட்டில் லாரி மோதி என் தம்பி தனசேகர் போய் மூன்று வருடம் ஆகிறது. உனக்கு முப்பத்தொரு வயது. பிள்ளை குட்டி இல்லை. நீ மறுபடி ஒருவனோடு வாழவேண்டும் என்று உன் மாமியாரே என்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ திருப்பதியில் வேலைக்குப் போகிறேன் என்றபோது பெட்டி தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டவன் நான்தான். நான் கேட்பது ஒன்றுதான். தேதியைத் தள்ளிவை.

கேஸ் சித்தூர் கோர்ட்டில் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. செப்டம்பரில் இன்சூரன்ஸ்காரர்கள் நஷ்டஈட்டைப் பேசி முடிப்பார்கள் என்று வக்கீல் ரங்கையா சொல்லிவிட்டார். நீயும் அம்மாவும்தான் மனுதாரர்கள். பணம் கிடைப்பது விதவைக்கு. இன்னொருவனைக் கட்டிக்கொண்டவளுக்கு எதற்கு என்று எதிர்க்கட்சி வக்கீல் ஒரே கேள்வியில் முடித்துவிடுவான். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பணம் கைக்கு வரட்டும். மறுநாளே நான் முன்னால் நின்று நடத்திவைக்கிறேன்.

இதை ரங்கையாவிடம் கேட்கிறேன் என்று போய் நிற்காதே. கேட்டாலே காட்டிக்கொடுத்ததாகிவிடும். லாட்ஜில் யாராவது வந்து உன்னை விசாரித்தால், கல்யாணப் பேச்சே இல்லை என்று சொல்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றபடி எல்லாரும் இருக்கிறோம்.

கோவர்த்தனன்

*

திருப்பதி,
14.6.2025

மாமாவுக்கு,

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து பத்து முறை படித்தேன். யாராவது வந்து விசாரித்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் வந்து விசாரிப்பார்கள் மாமா? என்னை எதற்கு விசாரிக்க வேண்டும்?

நானே சொல்கிறேன். மாதம் ஒருமுறை ஒருவன் லாட்ஜுக்கு வருவான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கவுண்டரில் நின்று ஏசி ரூம் என்ன, நான் ஏசி என்ன என்று கேட்பான். ரூம் எடுக்க மாட்டான். போனைக் காதருகே வைத்துப் பேசிக்கொண்டே போவான். தரிசனத்துக்கு வருகிறவர்களில் இப்படி நூறு பேரைப் பார்க்கிறேன், அதனால் கண்டுகொள்ளவில்லை. வியாழக்கிழமை அவன் பேசும்போது போனின் கேமரா என்னைப் பார்த்தபடி இருந்தது. அவனுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் போன் திரை தெரிந்தது. திரையில் என் கழுத்து மட்டும் பெரிதாக இருந்தது.

வாட்ச்மேன் சின்னப்பன் அண்ணனைக் கூப்பிட்டு அவனைப் பிடித்து உட்காரவைத்தோம். போலீஸ் என்றதும் அழ ஆரம்பித்துவிட்டான். பெயர் சுனில்.

"மேடம், நான் தப்பானவன் இல்ல மேடம். மாசத்துக்கு ஒரு போட்டோ. எரநூறு ரூபா குடுப்பாரு."

"எதுக்குடா என் போட்டோ?"

"கழுத்து தெரியணும் மேடம். தாலி கீதா இல்லையான்னு பாக்க."

எனக்கு நாற்காலி கிடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாருக்குடா பார்க்க வேண்டும் என்று சின்னப்பன் அண்ணன்தான் கேட்டார். "சித்தூர்ல கோர்ட்டாண்ட ஜெராக்ஸ் கட வெச்சிக்கினு கீறாரே, முனிகிருஷ்ணன் சார். மேடம் மாமாவுக்குத் தெரியுமே. அவுங்களுக்குள்ள பேசிக்கினதுதான்" என்றான்.

மேடம் மாமா நீங்கள்தானே?

அன்று எடுத்த படத்தை அழிக்கவைத்துவிட்டு அவனை அனுப்பிவிட்டேன். அதற்கு முன்னால் எத்தனை எடுத்தான் என்று கேட்டேன். நான் திருப்பதிக்கு வந்த மாதத்திலிருந்து பதினெட்டுப் படமாம். ஒன்றரை வருடமாக என் கழுத்தை யாரோ ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குக் குளிக்கக்கூடக் கூசுகிறது.

இதற்குப் பதில் எழுதுங்கள். கல்யாணத்தை ஆவணிக்கு மேல் தள்ள முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள்.

காஞ்சனா

*

கங்காதர நெல்லூர்,
20.6.2025

காஞ்சனாவுக்கு,

படம் எடுப்பது எனக்குத் தெரியாது. அம்மா மேல் ஆணையாகத் தெரியாது. விசாரித்துக்கொள்வேன் என்று முனிகிருஷ்ணன் சொன்னது உண்மை. யாரோ தெரிந்தவர்களிடம் வாய்வார்த்தையாகக் கேட்பார் என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு சித்தூருக்குப் போனேன். கடையில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவிலேயே கேட்டேன். அவர் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ட்ராக்டர் மேல குடுத்தா மாசம் ஒரு வாட்டி ட்ராக்டர போய்ப் பாக்க மாட்டனா? இதுவும் அப்டித்தாம்பா. நம்பிக்க வேற, வியாபாரம் வேற."

எனக்கு அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்பதைத்தான் எழுத வேண்டும். மூன்று நாளாகப் பேப்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நான் அவரிடம் கடன் வாங்கியிருக்கிறேன். நம் கேஸைக் காட்டி வாங்கினேன். கோர்ட்டுக்குப் போகிற காகிதம் எல்லாம் அவர் மெஷின் வழியாகத்தான் போகிறது. எவன் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு தேறும் என்று வக்கீல்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு அந்த வாசலில் கிடைக்கும் ஒரே கடன் அதுதான். நான்கு லட்சம், மூன்று ரூபாய் வட்டி. நஷ்டஈடு வந்ததும் முதலில் அவருக்கு.

கேஸ் நிற்க வேண்டும் என்றால் நீ விதவையாக நிற்க வேண்டும். அதனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். தீர்ப்புக்கு முன்னால் உனக்குக் கல்யாணம் நடந்தால் நம் மாந்தோட்டம் அவருக்குப் போய்விடும். ஒன்றரை ஏக்கர், அறுபது தோத்தாபுரி மரம். அதுதான் எங்களுக்குச் சோறு என்று உனக்குத் தெரியும். இந்த வருடம் காய்க்கு விலையே இல்லை. லாரி வாடகைக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை. இருந்தாலும் மரம் மரம்தானே.

எழுதியபிறகு திரும்பப் படித்தேன். உன்னை ஒரு பொருள் மாதிரி வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், செப்டம்பர் வரை பொறுத்துக்கொள். கோபிகிருஷ்ணனிடம் நான் வந்து பேசட்டுமா? நல்லவன் என்றால் மூன்று மாதம் காத்திருக்க மாட்டானா?

கோவர்த்தனன்

*

திருப்பதி,
2.7.2025

திரு. கோவர்த்தனன் அவர்களுக்கு,

மாமா என்று எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுச் சித்தூருக்குப் போனேன். நேராக ஜெராக்ஸ் கடைக்கு. முனிகிருஷ்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாம்மா, வா, ஒக்காரு" என்று ஸ்டூல் போட்டார். என்னை அதற்குமுன் நேரில் பார்த்ததே இல்லையாம். போட்டோவில் இருப்பதைவிட இளைத்திருக்கிறேனாம். அவர் எதையும் மறைக்கவில்லை. பத்திரத்தைக் கேட்டேன், ஃபைலை எடுத்தார். ஒரு காப்பி வேண்டும் என்றேன், எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். "நீ எப்ப கல்யாணம் பண்ணிக்கினாலும் எனக்கு சந்தோசம்தாம்மா." ஏன் அப்படிச் சிரித்தார் என்று இன்னும் புரியவில்லை.

பத்திரம் தெலுங்கில் இருந்தது. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நீங்கள் உங்கள் தம்பிக்கு என்னைப் பெண் பார்க்கப் பள்ளிப்பட்டுக்கு வந்த அன்றே என் அப்பா அதைச் சொன்னார். "அதுக்கென்ன, நாங்க படிச்சிச் சொல்றோம்" என்று நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். அதனால் எழுத்தைப் பார்க்கவில்லை, கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தேன். கீழே என் கையெழுத்து இருந்தது. காஞ்சனா என்று தமிழில், நான் போடுகிற சுழியோடு.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. அவர் போய் நாலாவது மாதம். நீங்கள் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்து கூடத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து, "இங்க போடும்மா, இங்க போடும்மா, எல்லாம் கேஸுக்குத்தான்" என்றீர்கள். எனக்கு அன்று கண் தெரியவில்லை. உங்கள் விரல்தான் தெரிந்தது. அது நின்ற இடத்தில் எல்லாம் போட்டேன்.

காப்பியை எடுத்துக்கொண்டு ரங்கையாவிடம் போனேன். நீங்கள் போகாதே என்று சொன்ன இடம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெலுங்கைப் படித்துத் தமிழில் சொன்னார். 'மேற்படி காஞ்சனா மறுமணம் செய்துகொள்ளாமல் விதவையாகவே இருந்துவர இதன்மூலம் சம்மதிக்கிறார்.' அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்த எவன் எழுதுனான்?"

"தெரியல சார். நான் கையெழுத்து போட்டுட்டேன். இனிமே நான் கட்டிக்கினா கேஸ் போயிடும் இல்ல?"

"எந்தக் கேஸ்மா போவும்?"

அப்போதுதான் சொன்னார். புருஷன் செத்த அன்றே என் பங்கு எனக்கு வந்துவிட்டதாம். அதற்கப்புறம் நான் கட்டிக்கொண்டால் என்ன, கட்டிக்கொள்ளாவிட்டால் என்ன, பங்கு பங்குதானாம். கோர்ட்டுகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டனவாம். இன்னொன்றும் சொன்னார். வயது வந்த ஒருத்தியைக் கல்யாணம் செய்யக்கூடாது என்று எவன் எழுதி வாங்கினாலும் அந்த எழுத்து சட்டப்படி செல்லாது. கடனைத் திருப்பிக் கேட்கலாம். நிபந்தனையைக் காட்டித் தோட்டத்தைக் கேட்க முடியாது.

"மூணு வருசமா என் ஆபீஸ் படி ஏறி எறங்கிக்கினு கீறீங்க. ஒருத்தராச்சும் என்னண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று கத்தினார். வெளியே வந்து புளிய மரத்தடியில் வாந்தி எடுத்தேன். ஒரு கான்ஸ்டபிள் தண்ணீர் கொடுத்தார்.

செல்லாத ஒரு காகிதத்துக்காக என் கழுத்துக்குக் காவல் போட்டிருந்தீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுதுங்கள். அந்த நான்கு லட்சத்தில் என்ன வாங்கினீர்கள்? வீடும் அதே வீடு. பைக்கும் அதே பைக். அத்தையின் காதில் அதே தோடு. என்ன வாங்கினீர்கள்?

காஞ்சனா

*

கங்காதர நெல்லூர்,
8.7.2025

அம்மா காஞ்சனா,

உன் கடிதத்தை நான் படிக்கவில்லை. ஹரிப்ரியாதான் சத்தமாகப் படித்தாள். சித்தி ஸ்பீட் போஸ்டில் எழுதியிருக்கிறாள் என்று சந்தோஷமாகப் பிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். படி என்று சொன்னேன். அம்மாவும் அங்கேதான் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கும் அன்றுதான் எல்லாம் தெரிந்தது. தைலப் பாட்டிலை மூடாமல் அப்படியே எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க யாரும் சாப்பிடவில்லை.

செல்லாது என்ற சொல்லை ஹரிப்ரியாவை மூன்று முறை படிக்கவைத்தேன். மறுநாள் நானே ரங்கையாவிடம் போனேன். வாசலிலேயே திட்டு. எல்லாம் உண்மைதான் என்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று பயந்து, பயந்த இடத்திலேயே மூன்று வருடம் நின்றிருக்கிறேன்.

என்ன வாங்கினாய் என்று கேட்டாய். சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். இப்போது சொன்னால் சாக்கு என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

தனசேகர் சென்னையில் அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். அரசாங்க மருத்துவக் கார்டிலேயே செலவெல்லாம் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். நம் ஆந்திரா கார்டு அங்கே எடுபடவில்லை. அவன் போன அன்று காலை நீயும் அம்மாவும் கீழே ஆம்புலன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் மேலே பில் கவுண்டரில் நின்றிருந்தேன். பாக்கியைக் கட்டினால்தான் உடம்பைக் கொடுப்போம் என்றார்கள். "ஏன் இன்னும் தம்பிய எறக்கல?" என்று அம்மா ஆள்விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் கையெழுத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று பேரிடம் போனில் காலைப் பிடித்துப் பணம் போடவைத்தேன். நாலு மாதத்தில் அந்த மூன்று பேரும் வீட்டு வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் உன் அப்பா. அவரும் உன்னிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்று லட்சம் அதற்குப் போனது. மீதி ஒரு லட்சம் எனக்கு. போர் போட்டேன். தொள்ளாயிரம் அடி. புழுதிதான் வந்தது. அதற்கு நான் எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன்.

கையெழுத்து வாங்கிய அன்று எனக்கு அந்த வரி தெரியும். வாய்வரைக்கும் வந்தது. நீ கூடத்தில் தலையைக்கூட வாராமல் உட்கார்ந்திருந்தாய். இவள் எங்கே இன்னொரு கல்யாணம் செய்யப்போகிறாள், எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நான் செய்த பாவம் அதுதான். கடன் வாங்கியதைவிட அப்படி நினைத்தேனே, அதுதான் என்னைக் கொல்கிறது.

ஆவணியில் கல்யாணத்தை வை. எந்தத் தேதியானாலும் சரி. நான் வரலாமா வேண்டாமா என்று நீயே எழுது. வரச்சொன்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

கோவர்த்தனன்

*

திருப்பதி,
17.7.2025

மாமாவுக்கு,

இது சாதாரணத் தபால். தாமதமாக வந்தாலும் பரவாயில்லை என்றுதான் அனுப்புகிறேன். நீங்கள் மெதுவாகப் படிக்க வேண்டும். ஹரிப்ரியாவிடம் கொடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அன்று காலை ஆம்புலன்ஸ் டிரைவர் என்னைப் பாவம்போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் செய்தேன். "ஆமாம்மா, கோவர்த்தனன் பைசா பாக்கி இல்லாம குடுத்துட்டாரு, நல்ல மனுசன்" என்றார். நான் உங்களைத் திட்டி எழுதிய கடிதம் அப்போது நினைவுக்கு வந்தது. திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் வலித்தது.

இப்போது என் முறை.

ஆவணியில் கல்யாணம் வைக்க முடியாது மாமா. எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி. திருத்தணியில் கோபிகிருஷ்ணனின் நண்பர்கள் இரண்டு பேர் சாட்சி. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம்.

யாரிடமும் சொல்லவில்லை. என் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்? தெரிந்தால் கேஸ் போய்விடும் என்றுதான். நீங்கள் எதை நம்பினீர்களோ அதையேதான் நானும் நம்பினேன். அத்தையின் பங்கும் என்னால் போய்விடுமோ என்று பயந்தேன். ரங்கையாவிடம் கேட்கலாம் என்று ஒருமுறை அவர் ஆபீஸ் படி வரைக்கும் போயிருக்கிறேன். கேட்டால் கண்டுபிடித்துவிடுவார் என்று திரும்பி வந்துவிட்டேன். அந்தப் படியில் என்றைக்காவது நாம் இரண்டு பேரும் எதிரெதிரே வந்திருந்தாலும், ஒருவருக்கொருவர் பொய் சொல்லிவிட்டுத்தான் போயிருப்போம்.

கோபிகிருஷ்ணன் சந்திரகிரியில் ரூம் எடுத்திருக்கிறார். வாரம் ஒருநாள் போவேன். தாலியை அங்கே போய்த்தான் போட்டுக்கொள்வேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, திருப்பதி வருவதற்குள் கழற்றிப் பர்ஸில் சில்லறை வைக்கிற இடத்தில் போடுவேன். ஐந்து மாதமாக இப்படித்தான். ஒருநாள் கண்டக்டருக்குச் சில்லறை எடுக்கும்போது அது வெளியே வந்து விழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தாள். அவள் என்ன நினைத்திருப்பாளோ, எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. சுனில் தாலி என்றதும் நான் தரையில் உட்கார்ந்தேனே, அது கோபத்தால் மட்டும் இல்லை.

செல்லாத காகிதத்துக்காக என் கழுத்துக்குக் காவல் போட்டீர்கள் என்று உங்களைக் கேட்டேன். அந்தக் காவலைச் சம்பளம் இல்லாமல் நானும் பார்த்திருக்கிறேன். உங்களுக்காவது எழுதி வாங்கிக்கொள்ள ஒருவன் இருந்தான். என்னிடம் யாரும் எழுதிக்கூட வாங்கவில்லை.

ஏன் ஆவணிக்கு மேல் தள்ள முடியாது என்று இப்போது தெரிந்திருக்கும். நான்கு மாதம். டிசம்பரில் என்கிறார்கள். கேஸ் போனாலும் போகட்டும், ஊருக்குத் தெரிய ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால் போதும் என்றுதான் அன்று போன் செய்தேன்.

மூன்று லட்சம் உங்கள் தம்பிக்காகப் போனது. அது என் பங்கிலிருந்து போகும். போர் போட்ட ஒரு லட்சம் உங்களுடையது, புழுதியும் உங்களுடையது.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். கோபிகிருஷ்ணன் லாட்ஜ் கவுண்டரிலேயே எடுத்தார், பட்டப்பகலில். கழுத்து நன்றாகத் தெரிகிறது. வயிறும் தெரிகிறது. இந்த மாதம் சுனில் வரவேண்டாம். நீங்களே கொண்டுபோய் முனிகிருஷ்ணனிடம் கொடுங்கள். கூட்டம் இருக்கும்போது கொடுங்கள்.

காஞ்சனா

*

கங்காதர நெல்லூர்,
26.7.2025

அம்மாடி,

கடிதத்தை மெதுவாகத்தான் படித்தேன். தோட்டத்தில் வைத்துப் படித்தேன். முதலில் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு பஸ்ஸில் நீ கழற்றிப் பர்ஸில் போட்டதைப் படித்தேன். அதற்குமேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை சித்தூருக்குப் போனேன். ரங்கையாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கோர்ட் கூடுகிற நேரம், கடையில் நிற்க இடமில்லை. உன் படத்தை மெஷின் மேல் வைத்து, "இந்த மாசத்துது. நானே எடுத்துக்கினு வந்துட்டேன்" என்றேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

முனிகிருஷ்ணன் முகம் மாறவே இல்லை. "இது எனக்கு மார்ச்லயே தெரியும்பா" என்றார்.

உன் ஃபைலை எடுத்து விரித்தார். பதினெட்டையும் கலரில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தேதி எழுதி வைத்திருக்கிறார். பதினாறாவது மார்ச் ஒன்பது, சந்திரகிரி பஸ் ஸ்டாப். அன்று லாட்ஜில் நீ இல்லை என்று சுனில் தேடிக்கொண்டே அங்கே வந்திருக்கிறான். உன் கழுத்தில் தாலி தெரிகிறது. பக்கத்தில் ஒரு பையன் கையில் ஸ்பேனர் பையோடு நிற்கிறான். அவன்தானே?

நீ கட்டிக்கொண்டது தெரிந்தும் அந்த மனுஷன் நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. செப்டம்பரில் பணம் வந்ததும் அதையும் வாங்கிக்கொண்டு, இந்தப் படத்தைக் காட்டித் தோட்டத்தையும் வாங்கலாம் என்று வைத்திருந்திருக்கிறார். அன்று உன்னைப் பார்த்துச் சிரித்தாராமே, அது இதற்குத்தான். அதையும் எல்லார் முன்னாலும் கூசாமல் சொன்னார். ரங்கையா அங்கேயே பத்திரத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தார். நிபந்தனை வரும் இடத்தில் ஒரு வக்கீலம்மா தான் காப்பி எடுக்கக் கொடுத்த கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே போனார். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னாலேயே போனார்கள். அப்போதுதான் முனிகிருஷ்ணனுக்கு முகம் மாறியது.

தோட்டத்தைப் பற்றி இனி பேச்சில்லை என்று ரங்கையா எழுதி வாங்கிவிட்டார். கடன் கடன்தான், அதை நான் கட்டுவேன். உன் பங்கைத் தொட மாட்டேன் என்று சொல்ல ஆசை. என்னால் முடியாது. ஆனால் போர் செலவு என்னுடையது. அதில் நீ ஒரு ரூபாயும் போடக்கூடாது.

படங்களைக் கேட்டேன். பிரிண்ட் செலவு என்று ஆரம்பித்தார், ரங்கையா பார்த்த பார்வையில் கொடுத்துவிட்டார். சுனிலை அங்கேயே கூப்பிட்டு, அவன் போனில் இருந்ததையும் கடை கம்ப்யூட்டரில் இருந்ததையும் ரங்கையா அழிக்கவைத்தார். வீட்டுக்கு வந்து பிரிண்டை எல்லாம் அடுப்பில் போடலாம் என்று இருந்தேன். பிறகு அது உன் படம், நீதான் முடிவு செய்ய வேண்டும் என்று கவரில் வைத்தேன்.

அம்மா கவரைப் பிடுங்கிக்கொண்டாள். மூன்று வாரமாக என்னோடு பேசாதவள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கவுண்டரில் நீ. பஸ்ஸுக்கு நிற்கிற நீ. கோயில் வரிசையில் நீ. தலை குனிந்து ரிஜிஸ்டரில் எழுதுகிற நீ. எல்லாவற்றிலும் ஒரே முகம். பதினாறாவது வந்ததும் நின்றுவிட்டாள். அந்தப் பையன் என்ன சொன்னானோ, நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய்.

"தாலி கீது பாத்தியாம்மா" என்றேன்.

"தாலிய எவண்டா பாத்தான்? இவ சிரிச்சிக்கினு கீறாடா. புள்ள போனதுல இருந்து இவ சிரிச்சி நான் பாக்கவே இல்லடா" என்று சொல்லிவிட்டு அழுதாள். பிறகு என்னையும் திட்டினாள், உன்னையும் திட்டினாள். நான்கு மாதப் பிள்ளையோடு பஸ்ஸில் அலைகிறாளாமே, ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் குலுங்காதா என்றாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வா. தாலியைக் கழற்றாமல் பஸ் ஏறு. வாசலில் நான் நிற்பேன்.

இந்தக் கவரில் பதினேழு படம்தான் இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டு மாமா மறுபடியும் ஏதோ மறைக்கிறார் என்று நினைக்காதே. ஒன்று அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நானும் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். தர மாட்டேன் என்கிறாள்.

கோவர்த்தனன்